1013 என்ற எண்: கடல்மட்டக் காற்றழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று செய்தி வந்தவுடன் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பதால் வகுப்பில் ஆண்டு முழுக்க இதே சந்தேகங்கள்தான். ஊருக்குப் போனால் கிணற்றடியிலும் அதே பேச்சு. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு மற்றதற்குப் போனால் நல்லது. பின்னால் வரும் பலவும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

காத்துக்கு எடையே கிடையாதே, அப்புறம் அது எப்படி அழுத்தும்?

எடை உண்டு. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் காற்று மட்டும் ஏறக்குறைய 34 கிலோ. ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட அதிகம்.

நம் தலைக்கு மேல் இந்தக் காற்று பல பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக நிற்கிறது. கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை, கிட்டத்தட்ட ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவை, எடுத்துக்கொண்டால் அதன் மேல் நிற்கும் காற்றுத் தூணின் எடை 1.03 கிலோ. அதுதான் கடல்மட்டக் காற்றழுத்தம்.

அப்போ என் உள்ளங்கை மேல நூறு கிலோ இருக்குன்னு அர்த்தம். கை ஒடிஞ்சு போகணுமே சார்?

கணக்கு சரிதான். உள்ளங்கை சுமார் 100 சதுர சென்டிமீட்டர், அதன் மேல் சுமார் 100 கிலோ. ஆனால் காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. எல்லாத் திசையிலும் அழுத்தும். கையின் அடிப்பக்கத்தையும் அதே நூறு கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. கைக்குள் இருக்கும் ரத்தமும் திசுவும் அதே அழுத்தத்தில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் சமம் என்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஒரு பக்கத்துக் காற்றை எடுத்துவிட்டால்தான் அதன் பலம் வெளியே வரும். ஜெர்மனியின் மக்டபுர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே 17-ஆம் நூற்றாண்டில் அதைத்தான் செய்து காட்டினார். இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்துவைத்து, உள்ளே இருந்த காற்றை வெளியே இழுத்தார். பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. அரை மீட்டர் விட்டமுள்ள கோளம் என்றால், அதைப் பிடித்து வைத்திருக்கும் விசை சுமார் இரண்டு டன் எடைக்குச் சமம். வேலையைச் செய்வது அழுத்தத்தின் வேறுபாடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

1013, 760, 76, 14.7... ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க. எது சரி?

எல்லாம் ஒன்றுதான், அலகுதான் வேறு. 1013.25 ஹெக்டோபாஸ்கல் (பழைய பெயர் மில்லிபார்), 760 மில்லிமீட்டர் அல்லது 76 சென்டிமீட்டர் பாதரசம், டயர்க் கடைக்காரர் கணக்கில் 14.7 பி.எஸ்.ஐ. வானிலை அறிக்கையில் முதலாவது வரும், பாடப்புத்தகத்தில் இரண்டாவது வரும்.

இந்த 1013.25 என்பது இயற்கை எழுதிவைத்த எண் இல்லை. உலகத்தின் எல்லாக் கடற்கரையிலும் எப்போதும் இதே அழுத்தம் இருக்கும் என்றும் பொருள் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது அளவு வேண்டும் என்பதற்காக, எடைகள் அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 1954-ல் இதை "ஒரு வளிமண்டல அழுத்தம்" என்று வரையறுத்தது.

பாதரசம் விஷமாச்சே, தண்ணியை வெச்சு அளந்திருக்கலாமே?

அளக்கலாம், ஆனால் மூன்று மாடி உயரத்துக்குக் குழாய் வேண்டும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 76 சென்டிமீட்டர் பாதரசம் தரும் அழுத்தத்தைத் தர 10.3 மீட்டர் தண்ணீர் நிற்கவேண்டும்.

கதை தண்ணீரில்தான் தொடங்கியது. உறிஞ்சு பம்பு வைத்து எவ்வளவு இழுத்தாலும் சுமார் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை என்பது கலிலியோ காலத்துப் பம்புக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. காரணம்தான் யாருக்கும் விளங்கவில்லை. கலிலியோவின் கடைசி மாதங்களில் உடனிருந்த இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி, தண்ணீருக்குப் பதில் பாதரசத்தைக் கையிலெடுத்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்தால், அது 76 சென்டிமீட்டர் வரை இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. இது 1643-ல். மேலே இருக்கும் வெற்றிடம் அதை இழுத்துப் பிடிக்கவில்லை, தொட்டியின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் தாங்கி நிறுத்துகிறது என்றார். காற்றுக் கடலின் அடியில் மூழ்கி நாம் வாழ்கிறோம் என்று மறு ஆண்டு ஒரு கடிதத்தில் எழுதினார். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் அந்த வரியில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். காற்றழுத்தத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கிணத்துல தண்ணி 35 அடிக்கு இறங்கிடுச்சு. பெரிய எச்.பி. மோட்டார் போட்டா ஏத்திடும்தானே?

மோட்டார் மேலே தரைமட்டத்தில் இருந்தால் ஏற்றாது. ஐந்து எச்.பி. என்ன, ஐம்பது எச்.பி. போட்டாலும் ஏற்றாது. மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது உறிஞ்சு குழாயில் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்க மட்டும் செய்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. அதன் முழுப் பலமும் மேலே சொன்ன 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி. உராய்வும் கசிவும் போக நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தாலே பெரிது.

அதனால்தான் கொங்குப் பக்கம் பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரை உள்ளே இறக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கும். மோட்டாருக்கு உறிஞ்சலில்தான் வரம்பு, மேல்நோக்கித் தள்ளுவதில் இல்லை. நீர்மூழ்கி மோட்டார் ஆயிரம் அடி போர்வெல்லிலும் வேலை செய்வது இதனால்தான். அது அடியிலிருந்து தள்ளுகிறது.

போட்டவுடன் மோட்டார் வெறுமனே சுற்றுகிறது, "ஏர் பிடிச்சிருச்சு" என்று சொல்லிக் குடத்துத் தண்ணீரை ஊற்றுவோமே, அதுவும் இதே விஷயம். குழாய்க்குள் காற்று இருந்தால் வேறுபாடு உண்டாகாது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு ஒழுகினால் மறுநாள் காலையில் மறுபடியும் குடம்தான்.

மேல போகப் போக அழுத்தம் குறையும்னு மலை ஏறித்தான் பார்த்தாங்களா?

ஆமாம், அப்படியேதான். பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கல் பாரிஸில் இருந்தார், உடல் நலம் சரியில்லை. தன் அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியேயை பிரான்ஸின் புய் தெ தோம் மலைக்கு அனுப்பினார். 1648 செப்டம்பர் 19 அன்று மலை உச்சியில் பாதரசம் அடிவாரத்தைவிட எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றது. எனக்கு இதில் பிடித்தது இன்னொரு விவரம். கீழே மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுக்க ஒரு துறவியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் மலை ஏறினார்கள். அது அசையவே இல்லை. அதனால் மாற்றத்துக்குக் காரணம் வானிலை அல்ல, உயரம்தான் என்று உறுதியானது.

இன்று மலை வேண்டாம். அழுத்த உணரி உள்ள செல்போனில் ஒரு பாரோமீட்டர் செயலியைப் போட்டு, எங்கள் பள்ளி மாடிப்படியில் பிள்ளைகளை ஏறச் சொல்வேன். கடல்மட்டத்தருகே எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். தரையில் 1008.9 இருந்தால் மொட்டை மாடியில் 1007.5 காட்டும். எண் கண்ணெதிரே இறங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பாடம் மறக்காது.

கோயம்புத்தூர்ல என் போன் 963 காட்டுது, வானிலை ஆப் 1009 காட்டுது. எது பொய்?

இரண்டும் உண்மை. போன் காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்தின் அழுத்தம். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். முந்தைய பதிலின் கணக்கில் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்க வேண்டும், இறங்கியிருக்கிறது. செயலி காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். கோவைக்குக் கீழே கடல்மட்டம் வரை ஒரு காற்றுத் தூண் இருந்திருந்தால் எவ்வளவு சேரும் என்று கணக்கிட்டுக் கூட்டிவிடுகிறார்கள்.

இப்படி மாற்றாவிட்டால் வானிலை வரைபடத்துக்கே அர்த்தம் இருக்காது. பெங்களூரில் எப்போதும் 910-க்குப் பக்கம்தான் இருக்கும். சென்னையில் 1010. அப்படியே வரைந்தால் கர்நாடகத்தின் மேல் ஒரு நிரந்தரப் பெரும்புயல் நிற்பதுபோல் தெரியும். எல்லா ஊரையும் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு மிஞ்சும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம்தான் காற்று எங்கிருந்து எங்கே ஓடும் என்று சொல்கிறது. கடல்மட்ட அழுத்தம் அறிவியலில் இவ்வளவு முக்கியமானதற்கு முதல் காரணம் இதுதான். கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் இந்தக் கற்பனைத் தூண் ரொம்ப நீளம் என்பதால் கணக்கு அவ்வளவு நம்பகமாக வராது.

ஊட்டிக்கு மாத்தலாகி வந்தோம். பருப்பு வேகவே மாட்டேங்குது. தண்ணி சரியில்லையா?

தண்ணீரின் உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் காரணம் அழுத்தம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படிக்கிறோமே, அது 1013.25-க்கு மட்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே அழுத்தம் ஏறக்குறைய 780 ஹெக்டோபாஸ்கல். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். எவரெஸ்ட் உச்சியில் 71 டிகிரிக்கே கொதிக்கும்.

சரி, குக்கர் வைத்தால்? நன்றாக வேகும், ஆனால் கீழே போல வேகாது. குக்கரின் வெயிட், உள் அழுத்தம் வெளி அழுத்தத்தைவிட சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடினால் எழும்பும். மறுபடியும் வேறுபாடுதான். சென்னையில் வெளியே 1, உள்ளே 2, வெப்பம் 120 டிகிரி. ஊட்டியில் வெளியே 0.8-க்கும் கீழே, உள்ளே 1.8-க்குக் கொஞ்சம் குறைவு, வெப்பம் சுமார் 116. நான்கு டிகிரி குறைவுக்கு ஒன்றிரண்டு விசில் கூட விட்டால் போதும்.

மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் காது அடைப்பதும் இதே கதை. உள்ளே இருப்பது அடிவாரத்துக் காற்று.

1013-க்குக் கீழ போனாலே புயல்னு எடுத்துக்கலாமா?

கூடாது. சென்னையில் ஜனவரியில் கடல்மட்ட அழுத்தம் 1013, 1014-ஐ ஒட்டி இருக்கும். மே, ஜூனில் 1004, 1005 வரை இறங்கும். அது வெயில் காலத்து இயல்பு. ஒரே நாளிலும் ஏற்ற இறக்கம் உண்டு. காலை பத்து மணிக்கு உச்சம், மாலை நான்கு மணிக்குத் தாழ்வு. இரவு பத்துக்கும் விடியற்காலை நான்குக்கும் மறுபடி இதே. நம் பகுதியில் பகல் இறக்கம் மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். சூரிய வெப்பம் வளிமண்டலத்தில் எழுப்பும் அலை இது. அந்த மாதத்துக்கும் அந்த நேரத்துக்கும் உரிய அளவைவிட வேகமாக, நிற்காமல் இறங்கினால்தான் கவனிக்கவேண்டும்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற பெயர்களை இந்திய வானிலைத் துறை காற்றின் வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். மையத்தில் அழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடு, அந்தக் குறைவு எவ்வளவு நெருக்கமான தூரத்துக்குள் நடக்கிறது என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கடல்மட்டத்தில் அளந்த மிகக் குறைந்த அழுத்தம் 870. மேற்குப் பசிபிக்கில் 1979 அக்டோபரில் டிப் என்ற சூறாவளியின் மையத்தில் பதிவானது. மறுமுனையில், சைபீரியாவின் அகாட்டாவில் 1968 டிசம்பர் 31 அன்று, கடுங்குளிரில், 1083.8.

மழை வர்றப்போ காத்துல ஈரம் ஜாஸ்தி. அப்போ கனம் கூடி அழுத்தமும் கூடணும்தானே?

நல்ல கேள்வி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் தவறும் இடம். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசு. நைட்ரஜன் மூலக்கூறின் நிறை 28, ஆக்சிஜன் 32, நீராவி வெறும் 18. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு லிட்டருக்குள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாது என்பதால், நீராவி உள்ளே வந்தால் கனமான ஒன்று இடம் விட்டுப் போயிருக்கும். ஆனால் தாழ்வு உண்டாக இது மட்டும் காரணமில்லை. நீராவி மேலே போய் மேகமாகும்போது வெப்பத்தை விடுகிறது. அந்தத் தூண் சூடாகி, விரிந்து, உச்சியில் காற்று பக்கவாட்டில் வழிந்து வெளியேறுகிறது. தூணில் காற்று குறைந்தால் அடியில் அழுத்தமும் குறையும்.

புயலப்போ கடல் உள்ள வருதே, அழுத்தம் குறையறதாலயா?

ஓரளவுக்கு. ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 1999 ஒடிசா பெரும்புயலின் மையத்தில் 912 என்று மதிப்பிட்டார்கள். வித்தியாசம் நூறு, ஆக உயர்வு ஒரு மீட்டர். அங்கே வந்த அலையேற்றமோ ஐந்து, ஆறு மீட்டர். மிச்சம் முழுக்கக் காற்று தள்ளிக் கொண்டுவந்த தண்ணீர், ஆழம் குறைந்த கரையில் குவிந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் புயல் மையத்தின் அழுத்த எண்ணை மட்டும் பார்த்து அலையை மதிப்பிடவேண்டாம்.

எல் நினோவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கிழக்குப் பசிபிக்கின் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதைத்தான் எல் நினோ என்கிறார்கள். அதை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றே கடல்மட்ட அழுத்தம்தான். 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகெங்கும் இருந்து அழுத்தக் குறிப்புகளைச் சேகரித்தார். பசிபிக்கின் கிழக்கே அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதுமாக ஒரு பெரிய ஊஞ்சல் இருப்பதைக் கண்டார். அதற்குத் தென் அலைவு என்று பெயர். இன்றும் தாஹிட்டி, ஆஸ்திரேலியாவின் டார்வின் ஆகிய இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசத்தைக் கொண்டே அதற்குக் குறியீட்டெண் போடுகிறார்கள்.

இதில் நம் சென்னைக்கும் இடம் உண்டு. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தில் 1796 முதல் அழுத்தத்தைக் குறித்து வந்திருக்கிறார்கள். பழைய ஏடுகளில் இருந்த அந்த எண்களைத் திருத்தி, இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான கடல்மட்ட அழுத்தத் தொடராக 2002-ல் வெளியிட்டார்கள். யாரோ ஒருவர் தினமும் குழாயைப் பார்த்து எண்ணை எழுதி வைத்ததால் கிடைத்த சொத்து அது.

பைலட்டுக்கு எதுக்கு ஊருக்கு ஊர் பிரஷர் சொல்றாங்க?

விமானத்தின் உயரமானி ஒரு பாரோமீட்டர்தான். அழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிக் காட்டும். அன்றைய கடல்மட்ட அழுத்தம் என்ன என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் தப்பாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழைக்குச் சுமார் 28 அடி. அழுத்தம் பத்து ஹெக்டோபாஸ்கல் குறைவான ஊருக்குள் பழைய அமைப்போடு நுழைந்தால், விமானம் கருவி சொல்வதைவிட 280 அடி தாழ்வில் இருக்கும். தரையிறங்கும் நேரத்தில் அது உயிர்ப் பிரச்சினை. உயரே போனபின் எல்லா விமானங்களும் 1013.25-க்கு மாற்றிக்கொள்ளும். தரை தூரத்தில் இருப்பதால் அங்கே சரியான உயரம் முக்கியமில்லை, எல்லாருடைய பிழையும் ஒன்றாக இருந்தால் ஒன்றோடொன்று மோதாது.

ஒரு மோல் வாயு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா?

மோல் என்பது வேதியியலில் மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பொது அளவு. அது அடைக்கும் இடம் எந்த அழுத்தத்தில் என்று கேளுங்கள். 0 டிகிரியில், 1013.25 ஹெக்டோபாஸ்கலில் 22.4. அதே வெப்பத்தில் 1000 ஹெக்டோபாஸ்கலில், அதாவது ஒரு பாரில், 22.7. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பு 1982-ல் நியம அழுத்தத்தை ஒரு பாராக மாற்றியது. பழைய புத்தகங்களும் பல வினாத்தாள்களும் இன்னும் முதல் எண்ணில்தான் இருக்கின்றன. கேள்வியில் தந்த அழுத்தத்தைப் பார்த்து எழுதுங்கள்.

வெளியே 760, என் ரத்த அழுத்தம் வெறும் 120. அப்போ வெட்டுப்பட்டா காத்து உள்ள போகணும், ரத்தம் ஏன் வெளியே வருது?

ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டது. அன்று வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. 120 என்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதன் அளவு. உண்மையான மொத்தம் 760-உடன் 120, அதாவது 880. டயருக்கு 30 பி.எஸ்.ஐ. என்று காற்றடிப்பதும் அப்படித்தான், உள்ளே இருப்பது ஏறக்குறைய 45. பஞ்சரான டயர் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே 14.7 இருக்கிறது. வானிலையில் சொல்வது முழு அழுத்தம், மருத்துவரும் மெக்கானிக்கும் சொல்வது வேறுபாடு.

செவ்வாய்ல கடலே இல்லையே. அங்க மலை உயரத்தை எங்கிருந்து அளக்கறாங்க?

முதலில் அழுத்தத்தை வைத்துத்தான். மரைனர் 9 விண்கலம் 1971-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபின், அங்கே அழுத்தம் 6.1 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்தைப் பூஜ்ய உயரம் என்று வைத்துக்கொண்டார்கள். அது பனிக்கட்டியும் நீரும் ஆவியும் ஒருசேர இருக்கக்கூடிய அழுத்தம். அழுத்தம் அதைவிடக் குறைந்தால் தண்ணீர் திரவமாகவே நிற்காது. பிறகு 1990களின் கடைசியில் மார்ஸ் குளோபல் சர்வேயர் லேசரால் நிலப்பரப்பை அளந்தபின், ஈர்ப்பு விசையைக் கொண்டு கணக்கிட்ட ஒரு மட்டத்துக்கு மாறிவிட்டார்கள். செவ்வாயில் குளிர்காலத்தில் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே பனியாக உறைந்து துருவத்தில் படிந்துவிடுகிறது. பருவத்துக்குப் பருவம் கிரகம் முழுக்க அழுத்தம் பெரிய அளவில் ஏறி இறங்குவதால், அழுத்தத்தை நம்பிய பூஜ்யம் அங்கே ஓரிடத்தில் நிற்கவில்லை.